செப்டம்பர் பிறந்தும் அவரை பூக்கவில்லை, என்ன செய்வது?

கொல்லைப்புறம் (ஸ்கார்பரோ, டொரான்டோ, கனடா)
செப்டம்பர் 7, இரவு 9.40

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் இருபதுக்கு இருபத்தைந்து அடி நிலம். மே மாதக் கடைசியில் நட்டவை எல்லாம் ஓரளவு நன்றாகவே வந்திருக்கின்றன, ஒன்றைத் தவிர. கோயிலில் பழக்கமான ஓர் அம்மா கைப்பிடி அவரை விதை கொடுத்தார். அவருடைய ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம், விதையும் அங்கிருந்து வந்த வழிதான் என்றார். நான்கு ஊன்றினேன், நான்கும் முளைத்தன. இன்றைக்குக் கொடி பலகை வேலியை மூடி, பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகைக் கூரையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவர் இத்தாலியர், வயதானவர், நல்ல மனிதர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "இதில் என்ன காய்க்கும்?" என்று ஜூலையிலிருந்து கேட்கிறார். "பொறுங்கள்" என்று நானும் ஜூலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரியது. மொட்டு என்று ஒன்றுகூட இல்லை.

இரவு வெப்பம் 11 பாகைக்கு (செல்சியஸ்) இறங்கத் தொடங்கிவிட்டது. கூடவே இதையும் கேட்டுவிடுகிறேன்: தக்காளியில் பச்சைக் காய் அறுபது எழுபது தொங்குகிறது. சாடியில் கறிவேப்பிலை ஒன்று, முருங்கை ஒன்று. எதை எப்போது உள்ளே எடுப்பது? போன வருடம் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன், காலையில் எழுந்தபோது பார்ப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. "கடைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும், இதற்கு ஏன் இந்தப் பாடு" என்று சொல்லும் கணவருக்குப் பதில் சொல்வதற்காகவாவது எனக்கு அவரைக்காய் வேண்டும்.

மண்வெட்டி (பிராம்ப்டன்)
செப்டம்பர் 7, இரவு 10.15

எரு கூடிப்போன கதை இது. தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையாகவே விட்டுத் தள்ளும். அவரை தன் வேர் முடிச்சுகளில் தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்துக்கொள்கிற இனம், அதற்குப் போய் யாராவது கோழி எரு போடுவார்களா? நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் தண்ணீர் காட்டாமல் வாட விடுங்கள். தானாகப் பூக்கும்.

கொல்லைப்புறம்
செப்டம்பர் 7, இரவு 10.32

எரு போட்டது தக்காளிப் பாத்திக்கு மட்டும் அண்ணா. வேலியோரம் வெறும் களிமண். நுனியை ஆகஸ்டிலேயே இரண்டு முறை கிள்ளிவிட்டேன். கிள்ளிய இடத்தில் இரண்டிரண்டாகக் கிளைத்ததுதான் கண்ட பலன்.

விதைப்பெட்டி (மார்க்கம்)
செப்டம்பர் 8, காலை 6.50

அக்கா, மண்ணைக் குறை சொல்ல வேண்டாம். பகலைக் குறை சொல்லுங்கள்.

கொடி அவரை பூப்பதற்குப் பார்ப்பது இரவின் நீளத்தை. இருட்டு ஓர் அளவுக்கு மேல் நீண்டால்தான் மொட்டு வைக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம்தான். மிகக் குறுகிய பகல் 11 மணி 35 நிமிடம் அளவில் இருக்கும். இடையில் ஒரு மணி நேரச் சொச்சம்தான் வித்தியாசம், அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே அங்கே செடி காலத்தைக் கணித்துவிடுகிறது. டொரான்டோவில் ஜூன் 21 அன்று பகல் 15 மணி 26 நிமிடம். உங்கள் கொடியின் பாட்டி, பூட்டி யாரும் அப்படி ஒரு பகலைக் கண்டதில்லை. "இன்னும் நேரம் இருக்கிறது" என்று அது இலைவிட்டுக்கொண்டே போனதில் என்ன தப்பு?

காலையில் தேநீரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இங்கே பகல் 12 மணி 40 நிமிடத்துக்கு இறங்குவது செப்டம்பர் 11, 12 வாக்கில். அதாவது இன்றைய தேதியில் உங்கள் வேலியில் ஊர்க்கணக்கின் ஆனி மாதம்கூட இன்னும் பிறக்கவில்லை. அதற்குப் பிறகு வேகத்தைப் பாருங்கள்: இந்த நாட்களில் இங்கே பகல் தினமும் மூன்று நிமிடம் சுருங்குகிறது. அக்டோபர் 4, 5 வரும்போது யாழ்ப்பாணத்து மார்கழிப் பகலின் அளவுக்கு வந்துவிடும். ஊரில் ஆறு மாதம் நடக்கிற நடையை இங்கே இருபத்து நான்கு நாளில் ஓடி முடிக்கிறது. கொடி திடுக்கிட்டு விழித்து அள்ளி அள்ளிப் பூக்கும், அதற்குள் உறைபனி வாசலில் நிற்கும். எனக்கு இரண்டு வருடம் இப்படியே போனது. சிறகவரை இதைவிட மோசம், அதன் பூவை நான் இந்த நாட்டில் இதுவரை பார்த்ததே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. இரவில் அந்தக் கொடிமேல் ஏதாவது விளக்கு விழுகிறதா? தெருவிளக்கு, பின்வாசல் விளக்கு, எதுவானாலும். இருட்டை நடுவில் கலைத்தால் செடி அதை நீண்ட இரவு என்று எடுத்துக்கொள்ளாது.

கொல்லைப்புறம்
செப்டம்பர் 8, மாலை 5.20

விளக்கா! பக்கத்து வீட்டுக் கொட்டகையில் அந்தி முதல் விடியும்வரை ஒன்று எரிகிறது. திருடனுக்குப் பயந்து போட்டிருக்கிறார். அதன் கீழேதான் என் கொடியில் பாதி படர்ந்திருக்கிறது.

அதே வேலியில் பயித்தங்காய் ஆகஸ்டில் கிலோக் கணக்கில் காய்த்ததே, அதற்கு மட்டும் இரவு, பகல் கிடையாதா?

விதைப்பெட்டி
செப்டம்பர் 8, மாலை 6.05

கடைகளில் விற்கும் பயித்தை விதையில் பெரும்பாலானவை பகல் நீளத்தைச் சட்டை செய்யாத வகைகள். மண்ணில் சூடு இருந்தால் போதும். வெண்டையும் உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். புடல், பாகல் நடுவகை: நீண்ட பகலிலும் வெக்கையிலும் ஆண் பூவாகவே விடும், பகல் குறையக் குறையப் பெண் பூ கூடும். "ஜூலை முழுவதும் பூ, ஒரு பிஞ்சுகூட இல்லை" என்று வருடா வருடம் இங்கே நாலு பேர் அழுவது இதனால்தான்.

அந்த விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். கேட்பதில் என்ன நட்டம்?

பந்தல்காரர் (உடுமலைப்பேட்டை)
செப்டம்பர் 9, காலை 7.30

ஊரில் இருக்கிறவன் ஒருவன் குறுக்கே பேசலாமா? ஆடிப் பட்டம் தேடி விதை என்று நாங்கள் பந்தல் அவரையை ஆடியில்தான் ஊன்றுவோம். கார்த்திகையில் பூ, மார்கழியிலிருந்து மாசிவரை காய். சித்திரையில் ஊன்றினாலும் காய்ப்பது கார்த்திகைக்குப் பிறகுதான், நடுவில் வெறும் இலை. எங்கள் அப்பாவுக்கு இரவின் நீளம் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. "பனி இறங்கினால்தான் அவரைக்குப் புத்தி வரும்" என்பார்.

உங்களுக்கு ஏற்றது செடி அவரை. இடுப்பளவு உயரம், பந்தல் வேண்டாம், எந்தப் பட்டத்திலும் காய்க்கும், விதைத்த இரண்டு மாதத்துக்குள் பறிக்கலாம். விதை வாங்கும்போது "செடி அவரை" என்று அழுத்திக் கேளுங்கள். வெறும் அவரை என்றால் கொடி வகையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். காய் கொஞ்சம் சப்பென்று இருக்கும், கொடி அவரையின் மணம் வராது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சந்தேகம். அங்கே இருக்கிற நீங்கள் எல்லோரும் இந்த மாதங்களை இலையுதிர் காலம் என்கிறீர்கள். எங்கள் பக்கத்துக் காட்டில் இலை உதிர்வது மாசி, பங்குனியில், வெயில் ஏறும்போது. புரட்டாசியில் எல்லாம் துளிர்க்க அல்லவா தொடங்கும்?

கல்கரிக் குளிர்
செப்டம்பர் 9, காலை 11.10

உறைபனிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது என்று கவலைப்படுகிறீர்களா? எங்களுக்கு நேற்று இரவே வந்துவிட்டது. கத்தரி, மிளகாய், பூசணி எல்லாம் கருகிப் போயின. உருளைக்கிழங்கும் காரட்டும் மண்ணுக்குள் பத்திரம். போய் வருகிறேன், அடுத்த ஜூனில் பார்ப்போம்.

தொட்டிச் செடி (மிசிசாகா)
செப்டம்பர் 9, இரவு 8.45

கறிவேப்பிலையைப் பற்றி யாருமே பேசவில்லையே. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போகிறது என்று வானிலை அறிக்கை சொன்ன அன்றே உள்ளே வந்துவிட வேண்டும். உறைபனிவரை காத்திருக்கக் கூடாது. பூர்வீகம் கும்பகோணம் ஆனாலும் நான் இங்கே வந்து பதினெட்டு வருடம். கறிவேப்பிலையில் மூன்று செடிகளைக் கொன்றிருக்கிறேன், ஆகவே சொல்லும் தகுதி உண்டு.

உள்ளே எடுக்கும் முன் தொட்டியைச் சாய்த்து வைத்துக் குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு, இலைகளின் அடிப்பக்கம் முழுவதையும் கழுவுங்கள். தண்டில் பழுப்பு நிறத்தில் மிளகைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் ஏதாவது இருந்தால் அது செதில் பூச்சி, நகத்தால் சுரண்டி எடுங்கள். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் தனி அறையில் வையுங்கள். சிலந்திப் பேன் கண்ணுக்கே தெரியாது. டிசம்பரில் ஹீட்டர் காற்றில் வீடு காய்ந்ததும் ஒன்று நூறாகும். இலையில் ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அதுதான்.

தெற்கு ஜன்னல். ஹீட்டர் காற்று வரும் துளைக்கு மேலே வைக்கக் கூடாது. உரம் மார்ச்வரை கிடையாது. தண்ணீர் விரலை விட்டுப் பார்த்து, மேலே இரண்டு அங்குலம் காய்ந்தால் மட்டும்.

மண்வெட்டி
செப்டம்பர் 9, இரவு 9.20

தண்ணீர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் தினமும் காலையில் ஒரு குவளை விடுகிறேன். ஆறு வருடமாக உயிரோடு இருக்கிறது.

தொட்டிச் செடி
செப்டம்பர் 9, இரவு 9.41

உங்கள் தொட்டி மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா? வீட்டில் எத்தனை பாகை வைத்திருக்கிறீர்கள்?

மண்வெட்டி
செப்டம்பர் 9, இரவு 9.50

மண் தொட்டி. 24 பாகை. தாயாருக்குக் குளிர் ஆகாது.

தொட்டிச் செடி
செப்டம்பர் 9, இரவு 10.02

அப்படிச் சொல்லுங்கள். மண் தொட்டி தானே பாதித் தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், 24 பாகையில் செடியும் தூங்காமல் விழித்திருக்கும். எங்கள் வீட்டில் 19 பாகை, பிளாஸ்டிக் தொட்டி. தினமும் அபிஷேகம் செய்துதான் என் மூன்று செடிகளும் வேர் அழுகிப் போயின. டிசம்பரில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், அங்கேதான் தவறு. பாதி இலை உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், மார்ச்சில் துளிர்க்கும்.

கொல்லைப்புறம்
செப்டம்பர் 13, இரவு 8.10

விளக்குக் கதையைச் சொல்லியாக வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் போய், இந்தக் கொடிக்கு இரவில் இருட்டு வேண்டும், நீளமான இருட்டு, அப்போதுதான் பூக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னைத் தன் அத்திமரத்துக்குக் கூட்டிப் போனார். ஊரிலிருந்து வந்த கிளையில் வளர்த்த மரம், நாற்பது வருடமாகிறது என்றார். ஒவ்வொரு நவம்பரும் ஒரு பக்கத்து வேரை வெட்டித் தளர்த்தி, மரத்தை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, நீளமாக வெட்டிய குழிக்குள் படுக்கவைத்து, மேலே பலகை, சருகு, மண் எல்லாம் போட்டு மூடிவிடுவாராம். ஏப்ரலில் தோண்டி நிமிர்த்துவாராம். ஆறடி மரத்தை! கிளைகளைக் கயிற்றால் எப்படிக் கட்டுவது என்றுகூடக் கையால் செய்து காட்டினார், குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல.

அன்று இரவே கொட்டகை விளக்கு அணைந்தது.

விதைப்பெட்டி
செப்டம்பர் 13, இரவு 8.35

அத்திமரத்தைப் புதைக்கும் இத்தாலியத் தாத்தாக்கள் டொரான்டோவில் பல தெருக்களில் உண்டு. உங்கள் தாத்தாவை விட்டுவிடாதீர்கள். முருங்கையைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

முருங்கைக்கு நான் செய்வது: இலை உதிரத் தொடங்கியதும் தண்டை இரண்டடி உயரத்தில் வெட்டி, சாடியோடு நிலவறையில் 12, 15 பாகை இருக்கும் மூலையில் வைத்துவிடுகிறேன். மாதம் ஒரு குவளை தண்ணீர். ஏப்ரல்வரை காய்ந்த குச்சியாகவே நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

லெஸ்டர் குடில்
செப்டம்பர் 15, மாலை 4.00

இங்கிலாந்திலிருந்து. எங்களுக்கு ஜூன் பகல் ஏறக்குறைய 17 மணி நேரம், ஆகவே அவரை விஷயத்தில் உங்களை விட அடிபட்டவன் நான். அலாட்மென்ட் நிலத்தில் (வாடகைக்கு எடுக்கும் தோட்டத் துண்டு) மூன்று வருடம் இலை மட்டும் அறுவடை செய்தேன். பிறகு செய்த வேலை இது: அவரையைப் பெரிய வாளியில் வளர்த்து, அடிக்கடி கிள்ளிக் குட்டையாகவே வைத்திருந்தேன். ஜூலைக் கடைசியிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அதன்மேல் பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன், காலை எட்டு மணிக்கு எடுத்தேன். பதினான்கு மணி நேரக் கும்மிருட்டு. ஒரு நாளும் விடக் கூடாது. மூன்று வாரம் கழித்து மொட்டு தெரிந்தது. கண்ணாடிக் குடிலுக்குள் வைத்ததால் அக்டோபர்வரை பறித்தேன். மொத்தம் நான்கு முறை கறிக்கு ஆனது. மாலை ஆறு மணிக்கு எந்த வீட்டு விருந்துக்கும் போக முடியவில்லை என்று மனைவிக்கு இன்றுவரை குறை.

பந்தல்காரர் (உடுமலைப்பேட்டை)
செப்டம்பர் 15, இரவு 9.15

அவரைக்காய்க்குப் பெட்டி கவிழ்ப்பதா? இதை எங்கள் ஊர்ச் சந்தையில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

நிழல்மரம் (ஏஜாக்ஸ்)
செப்டம்பர் 16, காலை 10.30

பந்தல்காரர் ஐயா காலத்தின் பெயரைக் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. பழைய ஆறு பொழுதில் ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மாசி, பங்குனி பின்பனி, நீங்கள் சொன்ன இலை உதிர்வு அந்தப் பக்கம்தான் வருகிறது. ஆகவே இந்த ஊர்க் காலத்துக்கு நம்மிடம் அச்சொட்டான பழைய பெயர் இல்லை, இலையுதிர் காலம் என்று பார்த்ததைச் சொல்லி வைத்துக்கொண்டோம். ஆனால் கூதிர் என்றால் வாடைக் குளிரும்தான். நேற்று இரவு ஜன்னல் இடுக்கில் நுழைந்தது அதுவே என்று எனக்குத் தோன்றியது.

தொட்டிச் செடி
செப்டம்பர் 17, இரவு 7.50

இலக்கியம் முடிந்தால் தக்காளிக்கு வருவோம். அக்கா கேட்டு பத்து நாளாகிறது.

நுனியையும் புதிய பூக்களையும் இன்றே கிள்ளி எறியுங்கள். இனி வரும் பூ காயாகப் போவதில்லை, இருக்கிற காய்க்குப் போகும் சத்தைத்தான் பிடுங்கும். பச்சைக் காயில் இரண்டு வகை உண்டு. முழு அளவுக்கு வந்து, கரும்பச்சை வெளிறி, அடிப்பக்கம் கொஞ்சம் வெண்மை தட்டியது வீட்டுக்குள் பழுக்கும். கோலிக்குண்டு மாதிரிக் கரும்பச்சையாக இருப்பது எத்தனை நாள் வைத்தாலும் பழுக்காது, சுருங்கும். இரண்டாவதை இப்போதே கூட்டுக்கும் துவையலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். பாசிப்பருப்போடு பச்சைத் தக்காளிக் கூட்டு, கடைசியில் தேங்காய் எண்ணெயில் தாளித்தால் எங்கள் வீட்டில் சாதம் போதாது.

முதல் வகையைப் பறித்து, துடைத்து, அட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக, ஒன்றையொன்று தொடாமல் வைத்துச் செய்தித்தாளால் மூடுங்கள். நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம். 18, 20 பாகை உள்ள அறை போதும், வெயில் வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ருசியும் போகும், பழுக்கவும் பழுக்காது. இரண்டு நாளுக்கு ஒரு முறை திறந்து, அழுகியதை எடுத்துவிட வேண்டும். போன வருடம் தீபாவளிக்கு ரசம் வைத்தது இந்தப் பெட்டித் தக்காளியில்தான். செடியிலேயே பழுத்ததன் ருசி வராது. ஆனாலும் கடைத் தக்காளியை விடத் தேவலை.

இன்னொன்று. காலியான பாத்தியில் கொத்தமல்லியைத் தூவுங்கள். ஜூனில் போட்டால் இரண்டு கொத்து பறிப்பதற்குள் பூத்துவிடும் அதே மல்லி, இப்போது நிதானமாக இலைவிடும். விதையை உள்ளங்கையில் வைத்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். வெந்தயக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும். லேசான உறைபனி மல்லியை ஒன்றும் செய்யாது.

மண்வெட்டி
செப்டம்பர் 18, காலை 7.05

பூண்டை மறக்காதீர்கள். அக்டோபர் நடுவில், மண் உறைவதற்கு நாலைந்து வாரம் முன்னால். பெரிய பல்லாகப் பார்த்து, கூர்முனை மேலே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி. மேலே மேப்பிள் சருகு அரை அடி. ஜூலையில் தோண்டலாம். பலசரக்குக் கடைப் பூண்டை நடாதீர்கள். இந்தக் குளிருக்குத் தாங்கும் வகை, நடுவில் கெட்டித் தண்டு உள்ளது, உழவர் சந்தையில் இப்போது கிடைக்கும்.

சருகைப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. போன வருடம் நான்கு வீட்டுப் பைகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மனைவி மூன்று நாள் பேசவில்லை.

கொல்லைப்புறம்
செப்டம்பர் 21, மாலை 6.30

மொட்டு!! வேலியின் மேற்கு ஓரத்தில், விளக்கு முன்பும் படாத பக்கத்தில், இலைக் கக்கத்திலிருந்து ஒரு விரல் நீளக் குச்சி நீட்டியிருக்கிறது. அதில் எள்ளுருண்டை ஒட்டியதுபோல் ஊதாவும் பச்சையுமாகச் சின்னச் சின்னதாக. எண்ணிப் பார்த்தேன், ஏழு குச்சிகள். கொட்டகைப் பக்கம் இன்னும் ஒன்றும் இல்லை.

கறிவேப்பிலை குளித்துவிட்டு உள்ளே வந்துவிட்டது. செதில் பூச்சி பதினொன்று. நகம் இன்னும் மணக்கிறது.

விதைப்பெட்டி
அக்டோபர் 7, மதியம் 1.15

ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ்காரர்கள் கவனிக்க. இன்று இரவு 3 பாகை என்று போட்டிருக்கிறது, வானம் தெளிவு, காற்று இல்லை. 3 தானே என்று படுத்துவிடாதீர்கள். அந்த எண் தரைக்கு மேலே ஆளுயரத்தில் அளப்பது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலையின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும், புல்மட்டத்தில் அது சுழியத்தைத் தொட்டுவிடும். பள்ளமான மூலைதான் முதலில் வெளுக்கும்.

பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஈர மண் இரவில் சூட்டை மெல்ல விடும். மாலையில் துணியால் மூடுங்கள். துணி தரைவரை தொங்க வேண்டும், மண்ணின் சூட்டைத்தான் பிடிக்கப் பார்க்கிறோம். பிளாஸ்டிக் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மூட முயல வேண்டாம். எதைக் காப்பாற்றுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். நான் பாகல், வெண்டை இரண்டையும் கைகழுவிவிட்டேன்.

கொல்லைப்புறம்
அக்டோபர் 8, காலை 9.10

நான்கு பழைய நூல் சேலையும் கணவரின் இரண்டு சாரமும். (அவரே கொண்டு வந்து கொடுத்தார். பதிவு செய்து வைக்கிறேன்.) வேலி மேலிருந்து தரைவரை தொங்கவிட்டுத் துணிக் கவ்விகளால் பிடித்தோம். பக்கத்து வீட்டுத் தாத்தா டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். பிறகு நினைவு வந்ததுபோல் அதை அணைத்துவிட்டார்.

காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. மூடாமல் விட்ட பாகற்கொடி கொதிநீர் ஊற்றிய கீரைபோல் கறுத்துத் தொங்குகிறது. பூசணி இலைகள் அப்படியே மடிந்துவிட்டன, காய்களுக்கு ஒன்றும் இல்லை. சேலையைத் தூக்கினேன். அவரை பச்சையாக இருந்தது. துணி ஒட்டிய ஓரங்களில் மட்டும் சில இலைகள் கண்ணாடிபோல் ஆகியிருந்தன. ஊதாப் பூ உதிர்ந்த இடங்களில் நகத்தளவு பிஞ்சுகள்.

தொட்டிச் செடி
அக்டோபர் 8, காலை 9.30

படம் எங்கே? சேலைப் படமும் வேண்டும்.

நிழல்மரம்
அக்டோபர் 8, காலை 10.00

பூசணியைக் காம்போடு வெட்டி, பத்து நாள் சூடான அறையில் ஆறவிடுங்கள். தோல் நகத்துக்கு இறங்காமல் கெட்டியானால் தைப்பொங்கல்வரை இருக்கும். தோட்டக் குழாயின் உள்வால்வை அடைத்துத் தண்ணீரை வடித்துவிடுவதும் இந்த வாரத்து வேலை. எனக்கு ஒரு வருடம் மறந்துபோய்ச் சுவருக்குள் குழாய் வெடித்தது. அந்தச் செலவில் முப்பது வருடத்துக்கு அவரைக்காய் வாங்கியிருக்கலாம்.

கொல்லைப்புறம்
அக்டோபர் 22, இரவு 8.20

கணக்கு ஒப்படைக்கிறேன். சேலை ஐந்து இரவுகள் போர்த்தினோம். பதினெட்டாம் தேதி இரவு காற்றோடு வந்த குளிருக்குச் சேலை பறந்து கொட்டகைமேல் போய் விழுந்தது, அத்தோடு கொடி முடிந்தது. அதற்கு முந்தின மாலையே, மனதுக்கு ஏதோ பட்டு, விரல் நீளத்துக்கு வந்திருந்ததை எல்லாம் பறித்துவிட்டேன். மொத்தம் பத்தொன்பது காய். அதில் பதினேழு மேற்கு ஓரத்தில் காய்த்தவை, விளக்கின் கீழே இருந்த பாதிக்கொடி கொடுத்தது இரண்டு.

நான்கைத் தாத்தாவிடம் கொடுத்தேன். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டு வதக்கிச் சாப்பிட்டாராம். மீதியை ஓர் உருளைக்கிழங்கு சேர்த்துப் பால்கறி வைத்தேன். நார்கூட வரவில்லை, கொதிக்கும்போதே அந்த மணம் வந்துவிட்டது. கணவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். விதைக்கு முற்றவிட ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மா கொடுத்ததில் மிச்சம் ஆறு விதை டப்பாவில் இருக்கிறது. அடுத்த வருடம் இரண்டு வாளியில், லெஸ்டர் அண்ணாவின் அட்டைப் பெட்டியோடு. செடி அவரையும் ஒரு வரிசை.

எந்த மாதத்திலிருந்து விளக்கை அணைக்க வேண்டும் என்று தாத்தா கேட்கிறார். ஆகஸ்ட் தொடக்கம் என்று சொல்லலாமா?

விதைப்பெட்டி
அக்டோபர் 22, இரவு 8.50

ஜூலைக் கடைசி என்று சொல்லுங்கள். பெட்டி போடும் நாட்களில் விளக்கு எரிந்தாலும் பாதகம் இல்லை, ஆனால் அவர் ஆசையாகக் கேட்கிறார் அல்லவா.

மண்வெட்டி
அக்டோபர் 22, இரவு 9.05

எரு என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பூண்டு ஊன்றிவிட்டீர்களா?

கொல்லைப்புறம்
அக்டோபர் 22, இரவு 9.12

நாற்பது பல் அண்ணா. அணில் மூன்றைத் தோண்டி எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. மறுபடி ஊன்றிவிட்டேன். சருகு போதவில்லை, உங்களிடம் மிச்சம் இருக்கிறதா?